பிரதிக்கினை செய்த மறுநாள்



தபசு காலம் முடிந்தது. பாஸ்குத் திருநாளும் கழிந்து, கோவிலில் கட்டிய தோரணங்களும் அவிழ்க்கப்பட்டுவிட்டன. விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டபோது, நம்மில் அநேகர் ஏதேனும் ஒரு தீய பழக்கத்தை விட்டுவிடுவதாகவோ, ஒரு நற்பழக்கத்தைத் தொடங்குவதாகவோ ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்தோம். ஒருவர் குடியை விட்டார். ஒருவர் புகையிலையை விட்டார். ஒரு தாயார், சின்னக் குற்றத்துக்கும் பிள்ளைகளைச் சபிக்கிற தன் நாவைக் கட்டினாள். வெகு நாளாய்ப் பேச்சுவார்த்தை அற்றிருந்த இரண்டு அண்ணன் தம்பிகள் பெரிய வெள்ளியன்று சிலுவையடியில் முகம் பார்த்துக்கொண்டார்கள். ஒரு குடும்பத்தார், விட்டுப்போயிருந்த இராச் செபமாலையை மறுபடியும் தொடங்கினார்கள். இவையெல்லாம் வேஷமென்று நான் சொல்லமாட்டேன். இவை மெய்யான வாக்குகள். மெய்யான கண்ணீரோடு கொடுத்த வாக்குகள்.

ஆனால் இன்று அவை எங்கே?

நாற்பது நாளும் மதுக்கடைப் பக்கம் திரும்பாதவர், பாஸ்கு ஞாயிறு மாலையிலேயே அங்கே போய் நின்றார் என்று வைத்துக்கொள்வோம். இதனால் மிகவும் நஷ்டப்பட்டது யார்? அவருடைய வீட்டிலே ஆறேழு வயதுப் பிள்ளையொன்று இருக்கிறது. தபசு காலம் முழுவதும் தகப்பனாரின் காலடிச் சத்தம் கேட்டவுடனே அது ஓடிவந்து கதவைத் திறந்தது. இப்போதோ அதே சத்தம் கேட்டதும், தூங்குவதுபோலக் கண்ணை இறுக மூடிக்கொள்கிறது. நாம் கொடுத்த வாக்கைச் சர்வேசுரன் மாத்திரம் கேட்கவில்லை. நம் வீட்டாரும் கேட்டார்கள். அவர்கள் அதை நம்பினார்கள். நம்பி ஏமாந்த பிள்ளை அடுத்த முறை நம்பத் தயங்கும். ஆகையால் இது சின்னக் காரியமன்று.

நல்ல பாவசங்கீர்த்தனம் செய்வதற்கு ஐந்து காரியங்கள் வேண்டுமென்று ஞானோபதேசத்தில் சிறு வயதிலே படித்தோம். பாவங்களை நினைத்துப் பார்க்கவேண்டும், அவைகளுக்காக மனஸ்தாபப்படவேண்டும், இனிச் செய்வதில்லையென்று பிரதிக்கினை செய்யவேண்டும், குருவினிடத்தில் சொல்லவேண்டும், அவர் இட்ட அபராதத்தைத் தீர்க்கவேண்டும். இந்த ஐந்தில் நாம் மிகவும் அவசரமாய்க் கடந்துபோவது மூன்றாவதேயாம். மந்திரத்தைச் சொல்லி முடித்தவுடன் பிரதிக்கினையும் முடிந்துபோயிற்று என்று எண்ணிக்கொள்கிறோம். பிரதிக்கினை என்பது வெறும் மன உருக்கமன்று. தென்னங்கன்றை நட்டவன், நட்ட அன்றைக்கே தேங்காய் பறிக்கிறதில்லை. குழி வெட்டி நட்டது ஒரு நாள் வேலை. தண்ணீர் விடுவதும் ஆடு மாடு கடிக்காமல் வேலி கட்டுவதும் பல வருஷத்து வேலை. நட்டுவிட்டேன் என்று சொல்லி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளுகிறவனுடைய கன்று பட்டுப்போனால், கன்றின்மேல் குற்றஞ் சொல்லலாமோ?

நமதாண்டவர் இந்த விஷயத்தைப்பற்றியே ஓர் உவமை சொல்லியிருக்கிறார். அர்ச். மத்தேயுவும் அர்ச். லூக்காசும் அதை எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு மனிதனை விட்டு அசுத்த அரூபி ஒன்று வெளியேறுகிறது. எங்கெங்கோ அலைந்து இளைப்பாற இடமில்லாமல், தான் விட்டு வந்த வீட்டுக்கே திரும்பிப் பார்க்க வருகிறது. வீடு கூட்டிப் பெருக்கி, அலங்கரித்து இருக்கிறது. ஆனால் காலியாயிருக்கிறது. உடனே தன்னைவிடப் பொல்லாத வேறு ஏழு அரூபிகளைக் கூட்டிக்கொண்டு வந்து அங்கே குடியேறுகிறது. அந்த மனிதனுடைய பிந்தின நிலைமை முந்தினதைவிடக் கேடாய்ப்போகிறது.

இந்த உவமையில் வீட்டுக்காரன் செய்த தப்பு என்ன? அவன் கூட்டாமல் விட்டானா? இல்லை, கூட்டினான். ஒழுங்குபடுத்தாமல் விட்டானா? இல்லை, அதையும் செய்தான். புதிதாய் ஒருவரையும் குடிவைக்கவில்லை. அதுவே அவன் தப்பு. காலி வீட்டுக்குப் பழைய குடித்தனக்காரன் திரும்பி வருவது அதிசயமல்ல. வழி அவனுக்குத் தெரியும்; கதவின் தாழ்ப்பாள் எப்படித் திறக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

நமது பழக்கங்களும் அப்படியே. ஒவ்வொரு பழக்கத்துக்கும் ஒரு நேரம் உண்டு, ஒரு பாதை உண்டு, ஒரு கூட்டாளி உண்டு. குடிக்கிறவனுக்குச் சம்பளம் வாங்கின மாலை நேரம். புறணி பேசுகிறவளுக்குத் தண்ணீர்க் குழாயடி. சூதாடுகிறவனுக்கு விடுமுறை நாள். பார்க்கத் தகாததைப் பார்க்கிற வாலிபனுக்கு, வீட்டார் உறங்கினபின் தனியே கையில் வைத்திருக்கிற கைபேசி. பழக்கத்தை விட்டோம், ஆனால் அதன் நேரம் நம்மை விட்டுப் போகிறதில்லை. அந்த நேரம் நாள்தோறும் தவறாமல் வந்து வாசலில் நிற்கிறது. அதற்கு நாம் என்ன வேலை கொடுத்தோம் என்பதே கேள்வி.

பழையதை நினைக்கும்போது நம்முடைய ஞாபகமும் நம்மை ஏமாற்றும். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்ட இஸ்ராயேல் மக்கள் வனாந்தரத்தில் என்ன சொல்லி முறுமுறுத்தார்கள்? எகிப்தில் தின்ற மீனையும், வெள்ளரிக்காயையும், வெங்காயத்தையும், பூண்டையும் நினைத்து அழுதார்கள். செங்கல் சுட்ட சூளையையும், ஆளோட்டிகளின் அடியையும், ஆற்றிலே எறியப்பட்ட ஆண் குழந்தைகளையும் அந்த நேரத்தில் அவர்கள் நினைக்கவில்லை. வெங்காயத்தின் ருசி மாத்திரம் நாவில் நின்றது. முதுகின் தழும்பு மறந்துபோயிற்று. பழைய பழக்கம் நம்மைக் கூப்பிடுகிறபோதும் இதுவே நடக்கிறது. முதல் குவளையின் இன்பம் ஞாபகத்துக்கு வரும். விடியற்காலையில் அடகுக்குப் போன பெண்சாதியின் தோடு ஞாபகத்துக்கு வராது.

இப்படித் திரும்பிப் போகாமல் நிலைத்து நின்ற ஒரு மனிதனுடைய சரித்திரத்தைக் கேளுங்கள். இவர் வனத்துத் தபசியுமல்ல, மடத்துச் சந்நியாசியுமல்ல. கூலிக்கு உழைத்த தொழிலாளி. அயர்லாந்து தேசத்தில் டப்ளின் பட்டணத்தில் 1856-ம் வருஷம், பிள்ளைகள் நிறைந்த ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பெயர் மத்தேயு டால்பட். பள்ளிப் படிப்பு அதிகமில்லை. பன்னிரண்டு வயதிலே மது வியாபாரி ஒருவருடைய கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயே குடிக்கவும் கற்றுக்கொண்டார். வாலிபனானபோது கூலி முழுவதும் குடிக்கே போயிற்று. கூலி போதாதபோது காலிலிருந்த செருப்பையும் அடகு வைத்தார். தெருவிலே பிடில் வாசித்துப் பிழைத்த ஓர் ஏழையின் பிடிலைத் திருடி விற்றுக் கூட்டாளிகளோடு குடித்ததும் உண்டு.

1884-ம் வருஷம், அவருக்கு இருபத்தெட்டு வயது. வேலையில்லாமல், கையில் காசில்லாமல், ஒரு சனிக்கிழமை மதுக்கடைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கூலி வாங்கிக்கொண்டு வருகிற சிநேகிதர்கள் தமக்கும் வாங்கிக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தார். தம் கையில் பணமிருந்த நாட்களில் அவர்களுக்குத் தாராளமாய் வாங்கிக் கொடுத்தவரன்றோ! அவர்கள் ஒருவர்பின் ஒருவராய் அவரைக் கடந்து உள்ளே போனார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை. அவர் மனம் நொந்து வீட்டுக்குத் திரும்பி, இனிக் குடிப்பதில்லையென்று பிரதிக்கினை எடுக்கப்போவதாகத் தாயாரிடம் சொன்னார். அன்றே போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்து, ஒரு குருவானவருக்கு முன்பாக வாக்குக் கொடுத்தார்.

இதுவரைக்கும் அவருடைய சரித்திரம் நம்முடைய சரித்திரத்தைப்போலத்தான் இருக்கிறது. நாமும் மனம் நொந்ததுண்டு, வாக்குக் கொடுத்ததுண்டு. மறுநாளில் அவர் செய்ததையே நாம் உற்றுப் பார்க்கவேண்டும்.

முதலாவது, அவர் கொடுத்த வாக்கு மூன்று மாதத்துக்கு மாத்திரமே. ஆயுசு முழுவதையும் ஒரே மூச்சில் சுமக்க அவர் துணியவில்லை. அந்த மூன்று மாதமும் அவருக்கு மிகவும் கொடுமையாயிருந்தது. தவணை முடிந்ததும் மறுபடியும் குடித்துவிடுவேன் போலிருக்கிறது என்று தாயாரிடம் சொல்லுமளவுக்கு வேதனைப்பட்டார். ஆயினும் மூன்று மாதம் முடிந்தபோது ஆறு மாதத்துக்கு வாக்குக் கொடுத்தார். அதன்பின் ஆயுசு பரியந்தம் கொடுத்தார். நாமோ முதல் நாளிலேயே சாகுமட்டும் என்று ஆணையிடுகிறோம். மூன்றாம் நாள் தவறியவுடன் எல்லாம் போயிற்றென்று கையை விரிக்கிறோம். இன்று ஒரு நாளைக்குரிய இஷ்டப்பிரசாதத்தைக் கேளுங்கள். நாளைக்குரியதை நாளைக்குக் கேட்கலாம். பரலோக மந்திரத்தில் நமதாண்டவர் அன்றன்றைக்குரிய அப்பத்தைத்தானே கேட்கச் சொன்னார்?

இரண்டாவது, அவர் பழைய பாதையை அடைத்தார். ஒருநாள் சோதனை மிஞ்சி, ஒரு மதுக்கடைக்குள் நுழைந்தும் விட்டார். கடைக்காரர் வேறு ஆட்களைக் கவனித்துக்கொண்டிருந்தபடியால் இவரை ஒருவரும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் அவர் அவ்விடம் விட்டு வெளியேறி, நேரே கோவிலுக்குப் போய், அது பூட்டப்படும் வரைக்கும் அங்கேயே இருந்தார். அதன்பின் வெளியே போகும்போது சட்டைப் பையில் காசு வைத்துக்கொள்வதில்லை என்று தீர்மானித்தார். தம் பலவீனம் இன்னதென்று அறிந்து, அதற்கேற்ற வேலியைக் கட்டினார். பாவத்தை வெறுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பாவ சமயத்தைத் தேடிப் போகிறவன், வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு திருடனைத் திட்டுகிறவனுக்குச் சமானம்.

மூன்றாவது, அவர் காலி நேரத்தை நிரப்பினார். வேலைக்குப் போகுமுன் விடியற்காலையிலேயே திவ்விய பூசை கண்டார். சாயங்காலம் வேலை முடிந்து கூட்டாளிகள் கடைக்குப் போகிற வேளையில், அவர் ஒரு கோவிலுக்குள் போய் முழந்தாளிட்டார். இரவில், எழுத்துக் கூட்டிப் படிக்கிற நிலையிலிருந்தவர், கஷ்டப்பட்டு ஞானப் புத்தகங்களை வாசிக்கக் கற்றுக்கொண்டார். பழைய குடித்தனக்காரன் வந்து தட்டினபோதெல்லாம் வீட்டில் ஆள் இருந்தது. ஆகையால் உள்ளே வர அவனுக்கு இடமில்லாமற் போயிற்று.

நான்காவது, பழைய கடனைத் தீர்த்தார். மதுக்கடைகளில் வைத்திருந்த பாக்கியைத் தேடிப் போய்க் கொடுத்தார். பிடிலைப் பறிகொடுத்த அந்த ஏழையையும் வெகு காலம் தேடினார். அவன் அகப்படவில்லை. ஆகையால் அந்தப் பணத்தைக் கொண்டு அவனுடைய ஆத்துமத்துக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கச் செய்தார். பழைய வாழ்வின் கணக்கைத் தீர்த்தவனுக்கு அங்கே திரும்பிப் போகும் காரணங்களில் ஒன்று குறைகிறது.

இப்படி நாற்பத்தொரு வருஷம் அவர் நிலைத்து நின்றார். கூலியாளாகவே உழைத்தார், வயது சென்ற தாயாரைத் தம்மோடு வைத்திருந்து அவள் சாகுமட்டும் பராமரித்தார். 1925-ம் வருஷம் ஜூன் மாதம் 7-ந் தேதி, தமதிரித்துவத் திருநாளன்று, பூசைக்குப் போகிற வழியில் ஒரு சந்திலே விழுந்து மரித்தார். 1975-ம் வருஷத்தில் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அவருக்கு வணக்கத்துக்குரியவர் என்ற பட்டம் அளித்தார். மதுக்கடை வாசலிலே காத்து நின்ற கால்கள் கோவிலுக்குப் போகிற வழியிலே ஓய்ந்தன. “தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்” என்று நாம் சொல்லுகிறோம். அந்தப் பழமொழியைச் சோம்பலுக்குச் சாக்காக வைத்துக்கொள்ளவேண்டாம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று சொன்னவர்களும் நம் முன்னோர்தானே.

ஒரே நாளில் பத்துக் குற்றங்களையும் திருத்தப் புறப்படவேண்டாம். அர்ச். இஞ்ஞாசியார் எழுதிய ஞானப் பயிற்சிகள் என்ற நூலுக்குப் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் 1548-ம் வருஷத்தில் அங்கீகாரம் அளித்தார். அதிலே ஓர் எளிய வழி சொல்லப்பட்டிருக்கிறது. ஒரே ஒரு குற்றத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும். காலையில் எழுந்தவுடன் இன்று இதைச் செய்யாதிருப்பேன் என்று தீர்மானிக்கவேண்டும். மத்தியானம் ஒரு முறையும், இரவு ஒரு முறையும் கணக்குப் பார்த்து, தவறின ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோட்டின்மேல் ஒரு புள்ளி வைக்கவேண்டும். நேற்றைப் புள்ளியோடு இன்றைப் புள்ளியையும், சென்ற வாரத்தோடு இந்த வாரத்தையும் ஒத்துப் பார்க்கவேண்டும். தவறின அந்தக் கணத்திலேயே நெஞ்சில் கை வைத்து மனஸ்தாபப்படவேண்டும். பலர் நடுவில் இருந்தாலும் ஒருவருக்கும் தெரியாமல் இதைச் செய்யலாம். கடைக்காரர் இரவில் கணக்குப் பார்க்காமல் கடையைப் பூட்டுகிறதில்லை. ஆத்துமத்தின் கணக்கை மாத்திரம் ஏன் வருஷத்துக்கு ஒரு முறை பார்க்கிறோம்?

இவ்வளவும் செய்தும் விழுந்துவிட்டால்? உடனே எழுந்திருக்கவேண்டும். அர்ச். இராயப்பர் ஒரே இரவில் மூன்று முறை தம் ஆண்டவரை மறுதலித்தார். யூதாசும் அன்றிரவு விழுந்தான். இருவருக்கும் துக்கம் உண்டாயிற்று. ஒருவன் தன் துக்கத்தைச் சுமந்துகொண்டு நாண்டுகொள்ளப் போனான். மற்றவரோ அழுதபின் ஆண்டவரிடத்தில் திரும்பி வந்தார். ஏரிக்கரையில் மூன்று முறை நேசத்தைக் கேட்டு, ஆண்டவர் அவரிடத்திலேயே மந்தையை ஒப்புவித்தார். பசாசு நம்மை விழத் தள்ளுவதோடு நிற்கிறதில்லை. விழுந்தபின், “உன்னால் முடியாது, இனி எழுந்து என்ன பிரயோசனம்?” என்று காதில் ஓதுகிறது. ஒரு நாள் தவறினால் இழந்தது ஒரு நாள்தான். அதற்காக மற்ற நாட்களையும் தூக்கி எறிகிறவன், ஒரு படி அரிசி சிந்திற்றென்று மூட்டையையே கொட்டுகிறவன் அல்லவோ?

குடியில் வெகு காலம் மூழ்கியிருப்பவர்களுக்கு விசேஷமாய் ஒரு வார்த்தை. தினந்தோறும் மிகுதியாய்க் குடித்துப் பழகின உடம்பு, திடீரென்று நிறுத்தினால் தத்தளிக்கும். கை நடுக்கம், வலிப்பு, புத்தி மயக்கம் முதலியவை உண்டாகலாம். சில வேளை உயிருக்கே ஆபத்தாகும். ஆகையால் வைத்தியரிடம் போய் அவர் சொற்படி நிறுத்துங்கள். இது விசுவாசக் குறைவல்ல. வைத்தியரையும் மருந்தையும் உண்டாக்கினவர் சர்வேசுரனே. குடியை விட்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும்படி 1935-ம் வருஷத்தில் அமெரிக்காவில் இரண்டு பேர் ஆரம்பித்த சங்கம் இன்று பல தேசங்களிலும், நம் நாட்டிலும் நடந்துவருகிறது. அதன் கூட்டங்களுக்குப் போக வெட்கப்படவேண்டாம். மதுக்கடைக்குப் பகலிலே போக வெட்கப்படாதவர், இதற்கு ஏன் வெட்கப்படவேண்டும்?

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். திருந்தி நடக்கிறவரைப் பார்த்து, “இது எத்தனை நாளைக்கு?” என்று பரிகாசம் பண்ணாதேயுங்கள். சண்டை வந்தபோதெல்லாம் பழைய கதையை எடுத்து முகத்தில் எறியாதேயுங்கள். மறுபடியும் நம்ப உங்களுக்குப் பயமாயிருக்கும், அது நியாயந்தான். காசு விஷயத்தில் ஜாக்கிரதையாயிருங்கள். பிள்ளைகளுக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயினும் அவர் நேரத்தோடு வீடு திரும்பின நாளில் சூடாய் ஒரு தம்ளர் காப்பி, சேர்ந்து உட்கார்ந்து ஒரு சாப்பாடு, பிள்ளைகளோடு ஒரு செபமாலை இருக்கட்டும். காலியான அந்த மாலை நேரத்தில் புதிதாய்க் குடிவைக்க வேண்டியவர்களில் நீங்களும் சேர்ந்தவர்கள். அண்ணன் சமாதானமாய் ஒரு வார்த்தை பேசினால், தம்பி பழைய வரப்புத் தகராறை நினைத்து முகத்தைத் திருப்பவேண்டாம். ஒருவர் திருந்துவதற்கு நாலு பேர் இடங்கொடுக்கவேண்டும்.

ஆகையால், என் பிள்ளைகளே, இன்றிரவு படுக்குமுன் மூன்று காரியம் செய்யுங்கள். தபசு காலத்தில் நீங்கள் கொடுத்த வாக்குகளில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அந்தப் பழைய பழக்கம் எந்த நேரத்தில், எந்த வழியாய் வந்து தட்டுகிறதென்று யோசியுங்கள். நாளைக்கு அந்த நேரத்தில் எங்கே இருப்பேன், யாரோடு இருப்பேன், என்ன செய்வேன் என்று முன்னதாகவே தீர்மானித்து, தேவமாதாவின் மன்றாட்டைக் கேட்டு, ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்லிப் படுத்துக்கொள்ளுங்கள். தவறி விழுந்திருப்பவர்கள் சனிக்கிழமை மாலைக்குக் காத்திராமல், எந்த வேளையிலும் பாவசங்கீர்த்தனத்துக்கு வாருங்கள். கோவில் கதவு திறந்திருக்கும். அறை வீட்டுக் கதவைத் தட்டினாலும் போதும்.

கதவைத் திறக்க ஓடிவரலாமா, கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று ஒரு சிறு பிள்ளை நாளை மாலை உங்கள் காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்துப் படுத்திருக்கும். அந்தப் பிள்ளை ஓடிவரும்படியாக நடந்துகொள்ளும் இஷ்டப்பிரசாதத்தைத் திவ்விய சேசு உங்கள் ஒவ்வொருவருக்கும் தந்தருள்வாராக. ஆமென்.